தேனீ எதைக் கண்டு, எதை மணந்து படிக்கிறது? வன்னி வளவில் செய்து பார்க்கும் முறை

நீலத் தாளின்மேல் சீனிப்பாணி வைத்துத் தேனீயைப் பழக்குகிறீர்கள். மறுநாள் பக்கத்தில் ஒரு மஞ்சள் தாளையும் வைத்துப் பார்த்தால் தேனீ நேரே நீலத்துக்குப் போகிறது. உடனே ‘நிறத்தைப் படித்துவிட்டது’ என்று கொப்பியில் எழுதிவிடாதீர்கள். அது மேசையின் அந்த மூலையைப் படித்திருக்கலாம். முதல் நாள் வந்த தேனீக்கள் தட்டில் விட்டுப்போன மணத்தைப் படித்திருக்கலாம். தாளை ஒட்டிய பசையின் மணமாகக்கூட இருக்கலாம். தீனி தேடும் தேனீ இடம், மணம், நிறம், நேரம், கால்படும் பரப்பின் சொரசொரப்பு எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. பழக்குவது சுலபம். எதைப் பழக்கினோம் என்று பிரித்தறிவதுதான் பாடு.

இங்கே சொல்வது மரப்பொந்திலும் புற்றிலும் கூடு கட்டுகிற, பெட்டியில் வைத்து வளர்க்கிற நம் ஊர்த் தேனீக்கு. பெருமரங்களில் பெரிய ஒற்றை வதை தொங்கவிடும் பெருந்தேனீயை இதற்குக் கிட்டவும் எடுக்க வேண்டாம். அது கலைந்தால் ஆளை விடாமல் துரத்தும்.

கையில் எடுக்குமுன் தெரிந்திருக்க வேண்டியது

தேனீயின் கண்ணில் மூன்று வகை நிற உணரிகள் உண்டு. அவை ஏறத்தாழ 340, 440, 540 நனோமீற்றர் அலைநீளங்களில் கூடுதலாகத் தூண்டப்படும். அதாவது புறஊதா, நீலம், பச்சை. சிவப்பு அதற்குக் கறுப்பு மாதிரித்தான். நமக்கு ஒரே வெள்ளையாகத் தெரியும் இரண்டு தாள்கள், ஒன்று புறஊதாவைத் திருப்பியும் மற்றது உறிஞ்சியும் விட்டால், தேனீக்கு இரண்டு நிறம். ஆகவே ஒரு பரிசோதனைக்கு வேண்டிய தாள் எல்லாவற்றையும் ஒரே கட்டிலிருந்து வெட்டுங்கள்.

பார்வைக் கூர்மை மிகக் குறைவு. கண்ணில் ஒரு வட்டம் ஏறத்தாழ 15 பாகை அகலத்துக்கு விழுந்தால்தான் அதன் நிறம் தெரியும். 8 சென்ரிமீற்றர் வட்டம் என்றால், தேனீ 30 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரவேண்டும். அதற்கு அப்பால், 90 சென்ரிமீற்றர் அளவு வரை, பின்னணியிலிருந்து வேறுபட்ட ஒரு புள்ளியாக மட்டும் அது தெரியும். அதற்கும் பச்சை உணரிக்கு எட்டும் வேறுபாடு இருக்க வேண்டும். ஒரு ரூபா நாணயம் அளவில் வட்டம் வெட்டி வைத்துவிட்டு ‘தேனீக்கு நிறம் விளங்கவில்லை’ என்று சலிப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

மணத்தையும் தொடுகையையும் உணர்கொம்புகள் பார்த்துக்கொள்கின்றன. இதழின் நுண்ணிய சொரசொரப்பைக்கூட உணர்கொம்பின் நுனியால் தடவித் தேனீ பிரித்தறியும். படிக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு பூமணத்தைப் பெரும்பாலும் ஒரே ஒரு தரம் சீனியோடு கண்டால் போதும். நிறத்துக்கு மூன்று தொடக்கம் ஐந்து தரம் வேண்டும். கோடு, வட்டம் போன்ற உருவங்களுக்கு இருபது தரம் அளவில் போகும். இந்த எண்கள் ஐரோப்பியத் தேனீயில் பார்த்தவை. நம் தேனீயில் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் வரிசை அதுதான் என்று வைத்துத் தொடங்குங்கள்.

எந்த நாளில், எந்த இடத்தில்

வேம்பும் பாலையும் பூத்துச் சொரியும் நாட்களில் உங்கள் தட்டைத் தேனீ ஏறெடுத்தும் பார்க்காது. அதற்குக் காட்டிலேயே விருந்து. புரட்டாதி வரட்சியில் நேர்மாறு: ஒரு துளி பாணிக்கு நூறு தேனீ விழும், பக்கத்துப் பெட்டியைக் கொள்ளையடிக்கும் பழக்கமும் தொற்றிக்கொள்ளும். பூ குறைந்து, ஆனால் அடியோடு இல்லாமல் போகாத இடைக்காலமே தோது.

காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் வேலையை முடியுங்கள், தவறினால் மாலை 4 மணிக்குப் பிறகு செய்யுங்கள். மத்தியான வெயிலில் பாணியின் நீர் வற்றி இனிப்பு ஏறிவிடும். அதைவிட முக்கியமான ஒன்று: கூட்டைக் குளிர்த்தத் தேனீக்கள் அந்த நேரம் தண்ணீர் தேடி அலையும். ஒப்பிடுவதற்கென்று நீங்கள் வைத்த வெறும் தண்ணீர்த் தட்டில் அவை கூட்டமாக இறங்கும். கணக்கு முழுவதும் குழம்பும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணப் பரிசோதனைக்கு வேலி மறைப்பு வேண்டும். இரண்டு தட்டையும் காற்றுக்குக் குறுக்காக வையுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் முன் தட்டின் மணம் பின் தட்டின்மேல் படியும்.

பெட்டியிலிருந்து 20, 30 மீற்றராவது தள்ளி, திறந்த, நடமாட்டமில்லாத வெளி வேண்டும். காடு வெட்டாத ஓரங்களிலும் கைவிட்ட காணிகளிலும் கண்ணிவெடி அகற்றியது உறுதியாகத் தெரியாவிட்டால், தட்டோடு ஒரு அடியும் உள்ளே போகக்கூடாது. தேனீ பறந்த திசையைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடக்கும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

சாமான்

வெள்ளைச் சீனி 1 கிலோ, கொதித்து ஆறிய தண்ணீர் 1 லீட்டர். கரைத்தால் நிறையில் பாதிக்குப் பாதி இனிப்பு. பாணியை அடுப்பில் காய்ச்சிப் பழுப்பாக்க வேண்டாம், கருகிய சீனி தேனீக்கு நஞ்சு. பனங்கட்டி, சர்க்கரை இரண்டும் ஆகாது: அவற்றிலுள்ள கனிமங்களும் கழிவும் தேனீக்கு வயிற்றோட்டம் தரும், அவற்றின் மணமும் பரிசோதனையைக் கெடுக்கும். தேனைக் கரைத்து வைப்பது இன்னும் மோசம். வேறு கூட்டின் நோய் அதன்வழி வரும்.

ஒரு மேசை. அதன் நான்கு காலும் தண்ணீர் நிறைந்த தகரப்பேணிகளில் நிற்கட்டும். தண்ணீர்மேல் ஒரு துளி எண்ணெய். முசுறு ஒரு தரம் பாதை கண்டால் அன்றைய வேலை முடிந்தது. மேசைமேல் சாம்பல் நிற அட்டை விரியுங்கள். சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் பத்தாவது வேண்டும், எல்லாம் ஒரே வடிவில். நிறத்தாள் வட்டங்களின்மேல் போடக் கண்ணாடித் துண்டுகள். தாளின் மணம் மேலே வராமல் அது தடுக்கும். மினுங்கும் பிளாஸ்ரிக் உறை போட்டால் வெயில் தெறித்து நிறம் மாறும், பிளாஸ்ரிக்கின் மணமும் சேரும். உப்புக் கரைசல்: 100 மில்லிலீட்டர் தண்ணீரில் 35 கிராம் கறியுப்பு. மெல்லிய தூரிகை, நான்கைந்து நிறத்தில் கியூடெக்ஸ், தீப்பெட்டிகள், கொப்பி.

மணங்களைத் தெரிவு செய்வதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். வாழைப்பழ எசன்ஸ் வேண்டவே வேண்டாம். அதன் மணத்துக்குக் காரணமான பொருளே தேனீ கொட்டும்போது விடும் அபாய மணத்திலும் இருக்கிறது. பழுத்த வாழைப்பழம் தின்ற கையோடு பெட்டி திறப்பதும் அதனால்தான் நல்லதல்ல. எலுமிச்சம்புல், ரோஸ் எசன்ஸ் இரண்டும் வேறு காரணத்தால் கூடாது: தேனீக்கள் ‘இங்கே வா’ என்று ஒன்றையொன்று கூப்பிட விடும் மணத்தின் கூறுகள் அவற்றில் உண்டு. பழக்காத தேனீயும் வந்து இறங்கும். ஏலக்காய், வனிலா, பெருஞ்சீரகம் பாதுகாப்பானவை. ஒரு தட்டுக்கு ஒரு துளி எசன்ஸ் போதும். ஏலக்காய் என்றால் இரண்டை நசுக்கித் துணியில் கட்டிக் கிண்ணத்தின் அடியில் வையுங்கள்.

தேனீயைத் தட்டுக்குக் கொண்டுவருதல்

மணமில்லாத பாணிக் கிண்ணத்தைப் பெட்டி வாசற்பலகையின் நுனியோடு முட்ட வையுங்கள். கிண்ணத்துக்குள் பஞ்சு அல்லது சிறு கற்கள் போட்டால் தேனீ மூழ்காது. பத்துத் தேனீ குடிக்கத் தொடங்கியதும், அவை குடித்துக்கொண்டிருக்கும்போதே, கிண்ணத்தை ஆடாமல் அரை மீற்றர் தள்ளுங்கள். அவை கூட்டுக்குப் போய்த் திரும்பி வந்து இறங்கும் வரை பொறுக்க வேண்டும். பிறகு ஒரு மீற்றர், பிறகு இரண்டு. பத்து மீற்றரைத் தாண்டிய பின் ஐந்தைந்து மீற்றராகப் போகலாம். நேர்கோட்டில் போங்கள். வரவு நின்றுவிட்டால் முந்திய இடத்துக்குத் திரும்பி அங்கிருந்து சிறிய எட்டாக வையுங்கள். நம் தேனீ கூச்ச சுபாவம் உள்ளது. தட்டிலிருந்து ஊதிக் கலைப்பதும், நிழல் விழக் குனிவதும் ஆகாது.

முதல் சில தரம் தட்டை விட்டுக் கிளம்பும் தேனீயைக் கவனியுங்கள். உடனே பறந்துவிடாது. தட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, பக்கவாட்டில் ஆடி ஆடி, பிறகு வட்டமிட்டு உயரும். அப்போதுதான் இடத்தைப் படிக்கிறது: பக்கத்திலுள்ள பனை, வேலிக் கதியால், மேசையின் விளிம்பு. ஆகவே வேலை தொடங்கிய பிறகு சைக்கிளைச் சாத்துவது, தரப்பாள் கட்டுவது, நாற்காலியை மாற்றிப் போடுவது எல்லாம் அதன் அடையாளங்களைக் கலைக்கும் காரியங்கள்.

அடையாளமிடுவது குடிக்கும்போதுதான். வயிறு நிறையக் குடிக்கும் தேனீ அசையாது. முதுகின் நடுவில், சிறகு முளைக்கும் இடத்துக்கு முன்னால், ஒரு சிறு பொட்டு. சிறகிலோ உணர்கொம்பிலோ பட்டால் அந்தத் தேனீயை விட்டுவிடுங்கள். கியூடெக்ஸின் மணம் கடுமையானது. பொட்டு வைத்த தேனீ இரண்டு மூன்று தரம் போய்வந்த பிறகே அதன் பதிவைத் தொடங்குங்கள்.

தட்டு 30 மீற்றருக்குப் போனதும் கூட்டம் பெருகும், ஏனென்றால் திரும்பியவை வதைமேல் ஆடி மற்றவற்றைக் கூப்பிடும். அப்போது பாணியைப் பாதியளவு இனிப்புக்கு இறக்குங்கள். ஆட்டம் குறையும், பழைய தேனீக்கள் மட்டும் வரும். பொட்டில்லாமல் வருபவற்றைத் தீப்பெட்டியில் பிடித்து நிழலில் வைத்து, முடிந்ததும் விட்டுவிடலாம்.

மணப் பாடம்

ஒரே மாதிரி இரண்டு கிண்ணம், இடையே 30 சென்ரிமீற்றர். ஒன்றில் பாணியும் அடியில் ஏலக்காயும். மற்றதில் உப்புக் கரைசலும் அடியில் வனிலாவும். தேனீ ஒவ்வொரு தரமும் போய்வரும் இடைவெளியில் இரண்டின் இடத்தையும் கண்டபடி மாற்றுங்கள். இடம், வலம், இடம், வலம் என்று ஒழுங்காக மாற்றினால் அந்த ஒழுங்கையே பிடித்துக்கொள்ள இடமுண்டு. நாணயத்தைச் சுண்டிப் போடுவது நல்லது.

உப்புக் கிண்ணம் எதற்கு? வெறும் கிண்ணத்தில் தவறி இறங்கும் தேனீ ஒன்றும் இழப்பதில்லை, அதனால் கவனமும் எடுப்பதில்லை. உப்பை ஒரு தரம் நக்கிய தேனீ அடுத்த தரம் இறங்குமுன் நின்று மிதந்து மணந்து பார்க்கும். கிட்டத்தட்ட ஒத்த இரண்டு மணங்களையோ நிறங்களையோ பிரிக்கப் பழக்க வேண்டுமானால் இந்தத் தண்டனை இல்லாமல் முடியாது.

மூன்று தரம் பழக்கிய பின் சோதனை. இரண்டு புதுக் கிண்ணம், இரண்டும் வெறுமை, அடியில் புதிதாக வைத்த மணங்கள். பழைய கிண்ணத்தை வைத்தால் சோதனையே இல்லை, முன்பு வந்த தேனீக்கள் விட்ட கால்மணம் அதில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தேனீயின் முதல் இறக்கத்தை மட்டும் எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காத தேனீ அடுத்த நிமிடமே மற்றக் கிண்ணத்தையும் பார்க்கும். அது மறதியல்ல, பசி. ஒரு நேரத்தில் ஒரு தேனீதான் மேசையில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே ஒன்று இருக்கும் கிண்ணத்தில் மற்றது வந்து இறங்கும்.

20 தேனீயில் 15 அல்லது அதற்கு மேல் ஏலக்காய்க்குப் போனால் அது தற்செயல் அல்ல என்று சொல்லலாம். 10 தேனீ மட்டும் இருந்தால் 9 வேண்டும். 10க்கு 7 என்பதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கண்காட்சியில் முடிவு அறிவிக்காதீர்கள்.

இன்னொரு விதி: தேனீ படிக்க வேண்டிய மணமோ நிறமோ முந்த வேண்டும், இனிப்பு பிந்த வேண்டும். ஆய்வுகூடங்களில் தேனீயைச் சிறு குழாயில் நிறுத்தி, மணத்தை மூன்று நான்கு விநாடி ஊதி, அது தொடரும்போதே உணர்கொம்பில் பாணியைத் தொட்டு நாக்கை நீட்ட வைப்பார்கள். பிறகு மணம் மட்டும் பட்டாலே நாக்கு நீளும். முதலில் பாணி, பிறகு மணம் என்று மாற்றினால் அது படிவதில்லை. வளவிலும் அப்படியே: குடித்துக்கொண்டிருக்கும் தேனீக்கு அருகே மணத்தைக் கொண்டுபோவது வீண்வேலை.

நிறப் பாடம்

முறை அதே, மணத்துக்குப் பதில் 8 சென்ரிமீற்றர் நீலமும் மஞ்சளும். எட்டுத் தரமாவது பழக்குங்கள். தேனீ இறங்குவதற்கு முந்திய இரண்டு மூன்று விநாடியில் கண்ட நிறமே மனத்தில் நிற்கும். குடிக்கும்போது அடியில் மாற்றிச் சொருகிய நிறம் நிற்காது. தேனீயைக் குச்சியில் ஏற்றிக் கொண்டுவந்து தட்டில் விட்டால் அது எந்த நிறத்தையும் படிக்காமல் குடித்துவிட்டுப் போகும்.

நீலமும் ஊதாவும் பழக்காத தேனீக்கும் பிடித்தவை. ஆகவே பாதித் தேனீயை நீலத்துக்கும் பாதியை மஞ்சளுக்கும் பழக்க வேண்டும். மஞ்சளுக்குப் பழகியவையும் மஞ்சளுக்கே போனால்தான் அது பாடம்.

இதிலும் ஒரு சந்தேகம் மிச்சம். தேனீ நிறத்தைப் பார்க்கிறதா, அல்லது நீலத்தாளின் மங்கலை மட்டும் பார்க்கிறதா? இதைத் தீர்த்தவர் தேனீ ஆராய்ச்சியாளர் கார்ல் வொன் ஃப்றிஷ். தேனீ நிறக்குருடு என்று பெரிய கண் நிபுணர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், வெள்ளையிலிருந்து கறுப்புவரை பல படி சாம்பல் தாள்களுக்கு நடுவே ஒரு நீலத்தாளை வைத்து, 1914இல் முடிவை வெளியிட்டார். நிறக்குருடாக இருந்தால் ஏதாவது ஒரு சாம்பலோடு நீலத்தைக் குழப்ப வேண்டும். தேனீ குழப்பவில்லை. 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இன்று இதைச் செய்வது மலிவு: கணினியில் எட்டுப் படி சாம்பல் வட்டங்களை ஒரே தாளில் அச்சடித்து வெட்டி, நீலத்தோடு மூன்றுக்கு மூன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் வெறும் கிண்ணம் வையுங்கள். பிறகு நீலத்துக்குப் பதில் சிவப்பைப் பழக்கிப் பாருங்கள். தேனீ கடும் சாம்பலிலும் கறுப்பிலும் மாறி மாறி இறங்குவதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இரண்டும் மோதும்போது

நீலமும் ஏலக்காயும் சேர்ந்த தட்டில் ஐந்தாறு தரம் பழக்குங்கள். பிறகு பிரித்து வையுங்கள்: நீலத்தோடு வனிலா ஒரு பக்கம், மஞ்சளோடு ஏலக்காய் மறுபக்கம், இடையே ஒரு மீற்றர். கொப்பியில் இரண்டு நிரல் வேண்டும், ஒன்று எந்தப் பக்கம் பறந்து வந்தது, மற்றது எதில் இறங்கியது. தேனீ பெரும்பாலும் நீலத்தை நோக்கி வரும், ஒரு சாண் தூரத்தில் மிதந்து தயங்கும், பிறகு திரும்பி மணத்தைத் தேடும். தூரத்துக்குக் கண், வாசலுக்கு மணம். கடைசி இறக்கத்தை மட்டும் எழுதினால் இந்தப் பாதி தெரியாமலே போய்விடும்.

நேரம்

பூசணிப் பூ விடியற்காலை விரிந்து முற்பகலிலேயே சுருங்கிவிடும். அதற்குப் பின் போகும் தேனீக்கு வெறும் பயணம். நேரத்தையும் சேர்த்துப் படிக்கும் திறன் அங்கே பயன்படுகிறது. வொன் ஃப்றிஷின் மாணவி இங்கெபோர்க் பேலிங் 1929இல் காட்டியது இதைத்தான்: ஒரே மணிக்குத் தீனி வைத்துப் பழக்கிய தேனீக்கள், தீனி வைக்காத நாளிலும் அதே மணிக்கு வந்து தேடின. நீங்கள் செய்வதானால் ஐந்து நாள் காலை 8 மணி தொடக்கம் 9 மணி வரை மட்டும் தட்டு. ஆறாம் நாள் வெறும் தட்டை 6 மணிக்கே வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரவை எண்ணுங்கள். பெரும்பாலும் 8 மணிக்குச் சற்று முன்னதாகவே வரவு ஏறும். காலையில் நீலம், மாலையில் மஞ்சள் என்று பிரித்துப் பழக்கினாலும் தேனீ அதைப் பிடித்துக்கொள்ளும்.

சூரியனைப் பற்றி ஒரு குறிப்பு. வன்னியில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும், மீண்டும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும். திசைக்குச் சூரியனை நம்பும் தேனீக்கு அந்தச் சில நிமிடம் திசை சொல்ல ஆள் இல்லை, கூட்டுக்குள் ஆட்டமும் குழம்பும். மார்ட்டின் லிண்டவர் 1950களில் இலங்கைக்கு வந்து இங்குள்ள தேனீக்களின் ஆட்டத்தை ஆராய்ந்தவர். சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும் நாட்களில் நண்பகல் பதிவுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தோட்டத்துக்கு உதவுமா?

ஓரளவுக்கு. கூட்டுக்குள் மணத்தோடு வந்த பாணியைப் பகிர்ந்து குடிக்கும் தேனீக்கள் வெளியே அதே மணத்தைத் தேடும். எள்ளுப் பூக்கும்போது புதுப் பூக்களைப் பறித்து, பச்சைக் காம்பும் புல்லியும் நீக்கி, ஆறிய பாணியில் இரவு முழுக்க ஊறவிட்டு, வடித்து, விடியுமுன் 100 மில்லிலீட்டர் அளவு பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வாசலில் வைத்தால் கொள்ளைதான் நடக்கும். இது தேனீயின் கவனத்தைத் திருப்பும். பூவில் தேன் இல்லையென்றால் அங்கே நிறுத்தி வைக்காது. பெட்டி தோட்டத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால் மெனக்கெட வேண்டாம்.

பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்த நாட்களில் எந்தப் பதிவும் நம்பத்தகுந்ததல்ல. இமிடாகுளோபிறிட் போன்ற மருந்துகள் கொல்லாத அளவில்கூடத் தேனீயின் படிப்பையும் நினைவையும் கெடுக்கும். பாடம் ஏறவில்லை என்று முறையை மாற்றுமுன் அயலில் கேட்டுப் பாருங்கள். பஞ்சுருட்டான் குருவி மேசைக்கு மேலே கம்பியில் குந்தியிருந்தாலும் அன்று வேலையை நிறுத்துங்கள், அது முதலில் பிடிப்பது உங்கள் பொட்டு வைத்த தேனீயாக இருக்கும்.

முடிக்கும் நாளில் பாணியைச் சட்டென்று எடுக்காமல் தண்ணீர் கூட்டிக் கூட்டி இனிப்பைக் குறைத்து வாருங்கள். ஏமாந்த கூட்டம் பக்கத்துப் பெட்டி வாசலை மோப்பம் பிடிக்கப் போகாது. கிண்ணங்களையும் கண்ணாடிகளையும் கொதிநீரில் கழுவி வெயிலில் காயவிட்டு, ஏலக்காய்க்கு வைத்தவற்றை ஒரு பெட்டியிலும் வனிலாவுக்கு வைத்தவற்றை இன்னொரு பெட்டியிலும் பிரித்துப் போடுங்கள். சாம்பல் அட்டையை எரித்துவிடலாம், அதில் ஏறிய மணம் கழுவிப் போகாது.